படத்திலிருந்து வெட்டப்பட்ட ஐந்தாவது பெண்: வனெஸா நகாட்டே பற்றிப் பேசலாமா?

தங்கம்_டீச்சர்
எங்கள் பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தினமும் ஒரு பிள்ளை ஐந்து நிமிடம் பேச வேண்டும். பருவநிலை மாற்றம் என்று தலைப்புக் கொடுத்தால் ஒன்பதாம் வகுப்பில் எல்லோரும் பருவநிலைக்காகப் போராடும் சுவீடன் நாட்டுக் கிரெட்டா துன்பெர்க்கைத்தான் எழுதிக்கொண்டு வருவார்கள். போன வாரம் ஒருத்தி மட்டும் இரண்டு படங்களைப் பிரிண்ட் எடுத்து வந்தாள். "டீச்சர், ஒரே இடம், ஒரே ஆளுங்க. இதுல அஞ்சு பேர் நிக்கிறாங்க, அதுல நாலு பேர்தான். எது டீச்சர் நிஜப் படம்?"

அன்று இரவே உட்கார்ந்து படித்தேன். 2020 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் உலகப் பொருளாதார மன்றக் கூட்டம் நடந்தபோது ஐந்து இளம்பெண்கள் சேர்ந்து பத்திரிகையாளர்களைச் சந்தித்திருக்கிறார்கள். கிரெட்டா, ஜெர்மனியின் லூயிசா நொய்பாவர், இசபெல் ஆக்ஸெல்சன், லுக்கினா டில், உகாண்டாவின் வனெஸா நகாட்டே. ஏபி செய்தி நிறுவனம் அனுப்பிய படத்தில் இடது ஓரத்தில் நின்ற வனெஸாவை மட்டும் காணோம். ஐவரில் கறுப்பினப் பெண் அவர் ஒருவர்தான். அவருக்குப் பின்னால் இருந்த கட்டடம் கண்ணை உறுத்தியது, படம் நன்றாக அமையட்டும் என்று வெட்டினோம் என்று முதலில் விளக்கம் சொன்னார்கள். பிறகு அந்நிறுவனத்தின் செயலாசிரியர் மன்னிப்புக் கேட்டார். ஒரு படத்தை மட்டும் நீக்கவில்லை, ஒரு கண்டத்தையே நீக்கிவிட்டீர்கள் என்று வனெஸா எழுதியதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

என் சங்கடம் இதுதான். இணையத்தில் எங்கே தேடினாலும் அந்தப் படக் கதையே வருகிறது. அவர் அதற்கு முன் என்ன செய்தார், பின் என்ன செய்தார் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இளவேனில்
டீச்சர், உங்க மாணவிக்கு ஒரு கைகுலுக்கல். நான் சுற்றுச்சூழல் அறிவியல் முதுகலை படிக்கிறேன், எங்க வகுப்பிலேயே பாதிப் பேருக்கு அவங்க பேர் தெரியாது.

படம் வெட்டப்பட்ட அன்னைக்கு அவங்க பேசி வெளியிட்ட வீடியோவைத் தேடிப் பாருங்க. அழுதுகிட்டே பேசுறாங்க. இனவெறிங்கிற சொல்லோட அர்த்தம் வாழ்க்கையில முதல்முறையா இன்னைக்குத்தான் புரிஞ்சதுன்னு சொல்றாங்க. அதே சமயத்துல வேறொரு செய்தி நிறுவனம் அவங்க படத்துக்குக் கீழே ஜாம்பியா நாட்டுச் செயற்பாட்டாளர் நடாஷா முவான்சாவோட பேரைப் போட்டுச்சு. ஒருத்தர் படத்தை வெட்டுறார், இன்னொருத்தர் பேரை மாத்துறார். அவங்க டாவோஸுக்குப் போனதே ஆப்பிரிக்காவுல நடக்கிறதைச் சொல்றதுக்குத்தான். அந்தக் குளிர்ல ஆர்க்டிக் ஆய்வாளர்கள் போட்ட கூடாரத்துல தங்கியிருந்தாங்க.

கம்பாலா_கணக்கர்
தங்கம் அம்மா, நான் 2017 முதல் 2021 வரை உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்காளராக இருந்தவன். வனெஸாவை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர் நின்ற தெருவில் பல தடவை நடந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பிறந்தது 1996 நவம்பரில். கம்பாலா நகரத்துப் பெண். மக்கெரெரே பல்கலைக்கழக வணிகப் பள்ளியில் வணிக நிர்வாகம் படித்தவர். படிப்பு முடியும் தறுவாயில், நம் ஊர் மக்களை எது அதிகம் வதைக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார். வெள்ளத்தையும் வறட்சியையும் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டபோதுதான், பள்ளியில் எங்கோ தூரத்து விஷயமாகப் படித்த பருவநிலை மாற்றம் தன் வாசலுக்கு வந்துவிட்டது என்று புரிந்தது. 2019 ஜனவரியில் தம்பி தங்கைகளையும் உறவுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அட்டையைப் பிடித்துச் சாலையில் நின்றார். அதன் பிறகு நாடாளுமன்ற வாசலில் பல வாரங்கள் தனியாகவே நின்றார்.

"தனியாக" என்பதை உங்கள் மாணவி புரிந்துகொள்ள வேண்டும். கிரெட்டாவின் ஊரான ஸ்டாக்ஹோமில் ஒரு பிள்ளை நின்றால் அடுத்த மாதம் ஆயிரம் பிள்ளைகள் வரலாம். உகாண்டாவில் 2013-இல் வந்த பொது ஒழுங்குச் சட்டத்தின்படி நாலு பேர் கூடி நிற்பதற்கே அப்போது போலீசுக்கு முன்கூட்டிச் சொல்லியாக வேண்டியிருந்தது, அவர்களுக்குத் தடுக்கவும் அதிகாரம் இருந்தது. அந்த அதிகாரம் செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது 2020-இல்தான். கல்லூரிப் பிள்ளை ஒன்று போலீஸ் பதிவில் விழுந்தால் வேலை கிடைக்காது என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. போதாக்குறைக்கு, நடுத்தெருவில் அட்டையோடு நிற்கும் வயசுப் பெண்ணைப் பார்த்து ஊர் என்ன பேசும்? மாப்பிள்ளை தேடி நிற்கிறாள் என்றார்கள். அதைவிட மோசமாகவும் பேசினார்கள். அவரே இதைச் சொல்லியிருக்கிறார். அப்படியும் அடுத்த வெள்ளிக்கிழமை அட்டையை எடுத்துக்கொண்டு வந்தாரே, எனக்கு அதுதான் டாவோஸைவிடப் பெரியது.

தங்கம்_டீச்சர்
கணக்கர் ஐயா, மிக்க நன்றி. அந்த ஊர்ப் பருவநிலை எப்படி? பிள்ளைகளுக்கு ஆப்பிரிக்கா என்றால் பாலைவனம்தான் மனசில் வருகிறது.

கம்பாலா_கணக்கர்
பாலைவனமா! கண்ணுக்கு எட்டிய தூரம் வாழைத் தோட்டம் அம்மா. மத்தோக்கே என்ற வாழைக்காய் மசியல்தான் அந்த மக்களுக்குச் சோறு. பெரும்பகுதி நிலத்தில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம், மார்ச் முதல் மே வரை ஒன்று, செப்டம்பர் முதல் நவம்பர் வரை இன்னொன்று. பாசனம் மிகக் குறைவு, எல்லாம் வானம் பார்த்த விவசாயம். மழை மூன்று வாரம் பிந்தினால் விதை போச்சு, ஒரே வாரத்தில் கொட்டினால் நிலம் போச்சு. மண்வெட்டி பிடிப்பதும் தண்ணீர் சுமப்பதும் பெரும்பாலும் பெண்கள். வறட்சி வந்தால் பள்ளிக்கூடத்திலிருந்து முதலில் நிறுத்தப்படுவது பெண்பிள்ளை, விளைச்சல் போனால் சீக்கிரம் கல்யாணம் முடிக்கப்படுவதும் அவளே. பருவநிலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வனெஸா பெண்கல்வியைப் பற்றியும் பேசுவது இதனால்தான்.

2020 மே மாதத்தை நான் மறக்க மாட்டேன். ஊரடங்கு நேரம். மேற்கே கசேசேயில் ஆறு உடைத்துக்கொண்டு கிலெம்பே மருத்துவமனைக்குள் புகுந்தது. அதே மாதம் விக்டோரியா ஏரி 1964-இல் எட்டிய உச்சத்தைத் தொட்டுத் தாண்டியது. நான் மீன் வாங்கப் போகும் கபா படகுத்துறையில் கடைகள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. நான் வழக்கமாக வாங்கும் அம்மா ஒரு பெஞ்சின் மேல் தராசை வைத்துக்கொண்டு விற்றுக்கொண்டிருந்தார். கிழக்கே புடுடா மலைச்சரிவுகளில் 2010-இலும் 2018-இலும் மண் சரிந்து ஊர்களே புதைந்தன.

குழாய்க்காரன்
எல்லாரும் உருகுறீங்க, சரி. நான் வளைகுடாவில் பதினாறு வருஷமா எண்ணெய்க் குழாய் வேலையில் இருக்கேன். ஒரு கேள்வி, கோபப்படாம பதில் சொல்லுங்க.

அந்தப் பொண்ணு எதிர்க்கிற கிழக்கு ஆப்பிரிக்கக் கச்சா எண்ணெய்க் குழாய் உகாண்டாவோட ஹொய்மாவிலிருந்து தான்சானியாவோட டாங்கா துறைமுகம் வரை 1,443 கிலோமீட்டர். 2006-ல எண்ணெய் கண்டுபிடிச்ச நாடு, 2022 பிப்ரவரியிலதான் முதலீட்டு முடிவுக்கு வந்துச்சு. தலைக்கு வருஷத்துக்கு ஏதோ நூறு, இருநூறு கிலோ கார்பன் டை ஆக்சைடு விடுற நாடு அது. இருநூறு வருஷமா நிலக்கரி எரிச்சுக் கோடீஸ்வரனான ஐரோப்பா இப்ப வந்து "நீ உன் எண்ணெயைத் தொடாதே"ங்குது. 2022 செப்டம்பர்ல ஐரோப்பிய நாடாளுமன்றம் இந்தக் குழாய்க்கு எதிரா தீர்மானமே போட்டாங்க. உகாண்டாக்காரங்களுக்குக் கோபம் வருமா வராதா? நீதி நீதின்னு பேசுறவங்க இந்த நீதியையும் பேசணும்ல?

இளவேனில்
அண்ணா, கேள்வி நியாயமானது. ஆனா அந்தக் குழாயில யாருக்கு எவ்வளவு பங்குன்னு நீங்க சொல்லல. பிரான்ஸோட டோட்டல் எனர்ஜிஸுக்கு 62 சதவீதம், சீனாவோட சிநூக்குக்கு 8. உகாண்டா, தான்சானியா அரசு நிறுவனங்களுக்கு ஆளுக்கு 15. குழாய் போறது துறைமுகத்துக்கு. அங்கேயிருந்து கப்பல்ல வெளிநாட்டுக்கு. அப்ப அது யாரோட எண்ணெய்?

வனெஸா சொல்றதும் இதைத்தான். ஆப்பிரிக்காவுல எத்தனையோ வருஷமா எண்ணெய் எடுக்கிறாங்க, நைஜீரியாவோட நைஜர் டெல்டா மக்களுக்கு மிஞ்சினது கறுத்த ஆறுதான். 2022-ல எகிப்துல நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டுக்கு முன்னாடி ஐரோப்பிய நாடுகள் எரிவாயு தேடி ஆப்பிரிக்காவுக்கு ஓடி வந்தப்ப, இது எங்க வளர்ச்சிக்காக வர்ற பணம் இல்லைன்னு அவங்க வெளிப்படையா எதிர்த்தாங்க. நிலக்கரியைத் தின்ன முடியாது, எண்ணெயைக் குடிக்க முடியாதுன்னு அவங்க சொல்றது வெறும் அடுக்குமொழி கிடையாது. மழை போன வீட்டுல அடுப்புல என்ன வைக்கிறதுங்கிற கேள்வி அது.

குழாய்க்காரன்
//அப்ப அது யாரோட எண்ணெய்?//
ஹொய்மாவில் தினம் 60,000 பீப்பாய் சுத்திகரிக்கிற ஆலைக்கும் திட்டம் இருக்கு தங்கச்சி, அதையும் சேர்த்துச் சொல்லுங்க. ஆனா பங்கு விவரம் நீங்க சொன்னது சரிதான்.

தொழில் தெரிஞ்சவன்ங்கிறதால ஒண்ணு நானே ஒத்துக்கறேன். அந்த எண்ணெய் மெழுகு மாதிரி. சாதாரண வெப்பத்துல உறைஞ்சுடும். அதனால குழாய் நெடுக 50 டிகிரி சூடு குறையாம வச்சிருக்கணும். இவ்வளவு நீளத்துக்குச் சூடேத்துற கச்சா குழாய் உலகத்துல வேற கிடையாது. அதுல 460 கிலோமீட்டர் விக்டோரியா ஏரியோட நீர்ப்பிடிப்புப் பகுதி. நிலநடுக்கம் வர்ற பூமி. கசிவே வராதுன்னு எழுதிக் கொடுக்கச் சொன்னா நான் கொடுக்க மாட்டேன்.

கம்பாலா_கணக்கர்
குழாய்க்காரன் தம்பி, நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. நான் இதில் இரண்டு பக்கமும் கேட்டவன். என்னோடு வேலை பார்த்த உகாண்டா இளைஞர்களில் பாதிப் பேர் எண்ணெய் வரட்டும் என்றுதான் சொன்னார்கள். வேலையில்லாத பிள்ளைகள் வேறு என்ன சொல்வார்கள்? அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் நிலம் கொடுத்தவர்கள் கதை வேறு. குழாய்ப் பாதையில் இரு நாடுகளிலும் 13,000-க்கு மேற்பட்ட குடும்பங்களின் நிலம் போகிறது. நிலத்தை அளந்து, பயிரை எண்ணி, ஒரு தேதியைக் குறித்தார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு காப்பியோ வாழையோ நட்டால் அதற்கு இழப்பீடு கிடையாது. பணம் எப்போது வரும்? பலருக்கு மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து வந்தது. காப்பிச்செடி காய்க்கவே மூன்று ஆண்டு. இடைப்பட்ட காலத்தில் நடவும் முடியாமல், பணமும் வராமல், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் நின்றவர்களைப் பற்றி மனித உரிமை அமைப்புகள் அறிக்கையே வெளியிட்டன. எண்ணெய் எடுக்கும் டிலெங்கா திட்டத்தில் நானூறுக்கும் மேற்பட்ட கிணறுகள், அவற்றில் ஒரு பகுதி மர்ச்சிசன் அருவித் தேசியப் பூங்காவுக்குள்ளேயே.

2022 அக்டோபரில் கம்பாலாவில் ஒன்பது மாணவர்கள் இந்தக் குழாயை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். பிடித்து லுசிரா சிறைக்கு அனுப்பினார்கள். வனெஸாவின் பெயர் உலகத்துக்குத் தெரியும் என்பதால் அவருக்கு ஒரு சின்னப் பாதுகாப்பு உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

இன்னொன்று. கிரெட்டாவுக்குப் பதில் வனெஸா என்று இன்னொரு ஒற்றை நாயகியை உண்டாக்கிவிடாதீர்கள். அதே ஊரில் ஹில்டா ஃபிளாவியா நகபுயே இருக்கிறார், கிரெட்டா தொடங்கிய வெள்ளிக்கிழமைப் போராட்டத்தை உகாண்டாவில் வளர்த்தவர், பாட்டியின் தோட்டம் அழிந்ததைப் பார்த்து வளர்ந்தவர். லியா நமுகெர்வா என்ற சிறுமி 15-ஆம் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டாமல் 200 மரக்கன்று நட்டாள். வனெஸாவே இதைத்தான் ஓயாமல் சொல்கிறார்: என் ஒருத்தி முகத்தை மட்டும் காட்டாதீர்கள். அவர் தொடங்கிய ரைஸ் அப் இயக்கம் ஆப்பிரிக்க நாடுகளின் குரல்களை ஒன்றுசேர்க்கத்தான். காங்கோ மழைக்காடு அழிவதைப் பற்றி யாரும் பேசவில்லை என்று அதற்காகவும் நாள்கணக்கில் நின்றார்.

தங்கம்_டீச்சர்
இந்த வாக்குவாதமே பெரிய பாடமாக இருக்கிறது. ஒரு இடத்தில் எனக்கு உதவி வேண்டும். "இழப்பும் சேதமும்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

இளவேனில்
நான் முயற்சி பண்றேன் டீச்சர். மாநாடுகள்ல மூணு விதமான பணத்தைப் பத்திப் பேசுவாங்க. புகையைக் குறைக்க ஒண்ணு. வெள்ளம் வந்தா தாங்கற மாதிரி கரை கட்ட, விதையை மாத்த இன்னொண்ணு. மூணாவது, கரையும் தாங்காம வீடு போயிடுச்சு, நிலம் போயிடுச்சு, ஆள் செத்தாச்சு, இனி என்ன? அந்தக் கணக்குதான் இழப்பும் சேதமும். பணக்கார நாடுகள் இதைப் பேசவே பயந்தாங்க. ஒத்துக்கிட்டா நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவாங்களோன்னு பயம். 1991-லயே சின்னத் தீவு நாடுகள் சார்பா வனுவாட்டு இதைக் கேட்டுச்சு.

2021 செப்டம்பர்ல இத்தாலியில மிலான் நகரத்துல இளைஞர் மாநாடு. அங்கே வனெஸா பேசினாங்க. ஆப்பிரிக்கா இதுவரைக்கும் விட்ட புகை உலகக் கணக்குல வெறும் 3 சதவீதம், அடியை மட்டும் முன்னாடி நின்னு வாங்குறோம்னாங்க. அழிஞ்சுபோன பண்பாட்டுக்கு ஏத்த மாதிரி எங்களை மாத்திக்க முடியாது, பட்டினிக்கு ஏத்த மாதிரி மாத்திக்க முடியாதுன்னாங்க. இதுக்கு யார் பணம் கட்டப் போறீங்கன்னு கேட்டாங்க. பேசி முடிச்சதும் அவங்களால அழுகையை அடக்க முடியல. அதே வருஷம் நவம்பர்ல கிளாஸ்கோ மாநாட்டுல வங்கிக்காரங்களையும் நிறுவனத் தலைவர்களையும் பார்த்து, உங்க வாக்குறுதியை நாங்க நம்பல, நாங்க நினைக்கிறது தப்புன்னு நிரூபிச்சுக் காட்டுங்கன்னாங்க.

2022 நவம்பர்ல எகிப்தோட ஷர்ம் எல் ஷேக்ல நிதி அமைக்க ஒத்துக்கிட்டாங்க. 1991-ல கேட்டது, 31 வருஷம் ஆச்சு. 2023 நவம்பர் கடைசியில துபாய் மாநாட்டோட முதல் நாளே நிதி செயலுக்கு வந்துச்சு. எல்லா நாடும் சேர்ந்து அறிவிச்ச தொகை ஏறக்குறைய 70 கோடி டாலர். உலகம் முழுசுக்கும்.

குழாய்க்காரன்
70 கோடியா? எங்க மாதிரி ஒரு நடுத்தரத் திட்டத்துக்கே அதைவிட அதிகமா செலவு பண்ணுவாங்க. உலகத்துல இருக்கிற எல்லா வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் இதுவா?

இதைப் படிச்சதும் நான் மேல கேட்ட கேள்வி கொஞ்சம் மாறுது. உகாண்டா எண்ணெயைத் தொடக்கூடாதுன்னா அதுக்கு ஈடா யார் என்ன கொடுக்குறாங்கன்னு கேக்கணும். அந்தப் பொண்ணு ரெண்டையும் கேக்குது. நான் ஒண்ணை மட்டும் கேட்டுட்டேன்.

கம்பாலா_கணக்கர்
அதுதான் தம்பி. 2009-இல் கோபன்ஹேகனில் பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர், 2020-க்குள் தருகிறோம் என்றார்கள். எட்டியது 2022-இல். அதிலும் பெரும்பங்கு கடன். வெள்ளத்தில் வீடு போனவனுக்கு வட்டிக்குக் கடன்.

எகிப்து மாநாட்டில் வனெஸா சொன்ன ஒன்றை இங்கே பதிந்துவிடுகிறேன். 2022 செப்டம்பரில் யூனிசெஃப் நல்லெண்ணத் தூதராக ஆன சமயத்தில் அவர் வட கென்யாவின் துர்க்கானாவுக்குப் போயிருந்தார். மழை அடுத்தடுத்து ஐந்து பருவம் பொய்த்த வறட்சி அது. அங்கே மருத்துவமனையில் கடும் ஊட்டச்சத்துக் குறைவோடு ஒரு சிறுவனைப் பார்த்திருக்கிறார். பொழுது சாய்வதற்குள் அவன் இறந்துவிட்டான். தலைவர்கள் முன்னால் அதைத்தான் சொன்னார். புள்ளிவிவரம் எதையும் விட எனக்கு அது போதும்.

தங்கம்_டீச்சர்
இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவங்க அட்டை பிடிக்கிறதைத் தவிர கையால ஏதாவது செஞ்சிருக்காங்களா டீச்சர்?" என்று கேட்டாள். பள்ளிக்கூடங்களுக்குச் சூரியத் தகடு வைக்கும் திட்டம் என்று எங்கோ படித்தேன். யாருக்காவது விவரம் தெரியுமா?

கம்பாலா_கணக்கர்
தெரியும் அம்மா. வாஷ் பசுமைப் பள்ளித் திட்டம். 2019-இல் தொடங்கியது. கிராமத்துப் பள்ளிகளுக்குச் சூரியத் தகடும் விறகு சேமிக்கும் அடுப்பும் வைத்துக் கொடுக்கிறார்கள்.

அடுப்பு ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். உகாண்டாவில் மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம், நைல் ஆறு விக்டோரியா ஏரியை விட்டுக் கிளம்பும் ஜின்ஜாவிலிருந்தே அணைகள்தான். ஆனால் சமையல் முழுக்க விறகும் கரியும். வீட்டில் சிகிரி என்ற கரியடுப்பு. பள்ளிக்கூடத்தில் மூன்று கல் வைத்து மேலே அண்டா, கீழே முழு மரத்துண்டு. மதியம் பிள்ளைகளுக்குப் போஷோவும் பீன்ஸும். போஷோ என்றால் மக்காச்சோள மாவுக் களி. அதைத் துடுப்புக் கட்டையால் கிண்டும் அம்மாக்களின் கண்ணைப் பார்த்திருக்கிறேன், சிவந்து நீர் வடிந்துகொண்டே இருக்கும். புகை போக வழியே கிடையாது. தீயில் பாதி வெளியே போய்விடும்.

இவர்கள் வைப்பது செங்கல்லும் களிமண்ணும் கொண்டு மூடிக் கட்டும் அடுப்பு. அண்டா அடுப்புக்குள்ளேயே இறங்கி உட்காரும், சூடு சுற்றிலும் தங்கும், புகை குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போகும். விறகு பாதியளவுக்குக் குறையும். நம் ஊர்ப் புகையில்லா அடுப்பை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பிள்ளைக்கு உடனே புரியும். விறகு குறைந்தால் மரம் பிழைக்கிறது, மரம் நின்றால் சரிவில் மண் நிற்கிறது. புடுடாவைப் பற்றி மேலே சொன்னேனே, அதோடு சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இளவேனில்
டீச்சர், பேசி முடிச்சதும் எப்படி இருந்ததுன்னு கட்டாயம் எழுதுங்க.

தங்கம்_டீச்சர்
இன்று காலை பேசினாள். மூன்று கல் அடுப்பிலிருந்து ஆரம்பித்தாள், டாவோஸிலிருந்து இல்லை. குழாய்க்காரன் தம்பியின் கேள்வியையும் அப்படியே கேட்டாள், "அவங்களுக்கு எண்ணெய் வேண்டாம்னா, அதுக்குப் பதிலா யார் என்ன குடுப்பாங்க?" என்று. சத்துணவுக்கூடத்து அக்கா இரண்டு பேரும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் படத்தைச் சார்ட்டில் வரைந்து கொண்டுவந்திருந்தாள். ஐந்து பேரும் இருக்கிறார்கள். இடது ஓரத்தில் வனெஸா, அவருக்குப் பின்னால் அந்தக் கட்டடம். கட்டடத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்ததாம், ஜன்னலெல்லாம் எண்ணி வரைந்திருக்கிறாள்.